உப்புப் போடாத கூழ்

என்னோடு கடைசி நாலு வருடம் வேலை பார்த்த ஒருவர் இப்போது நாமக்கல்லில் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருக்கிறார். போன மாதம் கடிதம் போட்டிருந்தார். வாரத்துக்கு ஒருவராவது கடைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரே விஷயத்தைக் கேட்கிறார்களாம். "எங்கூட்டுக்காரரு ஆறு மாசமா யாருகிட்டயும் பேசறதில்லீங்க. டாக்டர்கிட்ட வரவும் மாட்டேங்கறாரு. சோத்துல கலந்து குடுக்கற மாதிரி, ருசி தெரியாம ஏதாச்சும் இருக்குதுங்களா?" இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போகிறார்கள். "இவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?" என்று கேட்டிருந்தார்.

ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் அவர் அதை நம்ப வேண்டுமே. நான் அப்படிக் கலந்து கொடுத்தவன். கொடுத்தது என் மனைவிக்கு. இதை எழுதலாமா என்று அவளிடமே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். "நான் போனதுக்கப்பறம் எழுதிக்குங்க" என்றாள். அவள் போய் நாலு வருடம் ஆகிறது.

சேலத்துப் பெரிய ஆசுபத்திரியில் இரண்டு வருடம் புண் கழுவினேன், பாட்டில் கழுவினேன், பரீட்சை எழுதினேன், கம்பவுண்டர் ஆனேன். அந்தக் காலத்தைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு சேந்தமங்கலத்துக்கும் எருமப்பட்டிக்கும் இடைப்பட்ட ஓர் ஊருக்குப் போட்டார்கள். ஊரின் பெயர் வேண்டாம். கொல்லிமலையிலிருந்து காய்ச்சலோடு இறங்கி வருகிறவர்களுக்கும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களுக்கும் ஜில்லா போர்டு நடத்திய அந்த ஒரு லோக்கல்பண்டு ஆசுபத்திரிதான். ஓட்டுக் கட்டிடம், மூன்று அறை. முன்னறை டாக்டருக்கு, நடு அறை கட்டுப் போட, கடைசி அறை எனக்கு. என் அறைக்கு ஒரு ஜன்னல். டாக்டர் எழுதிய சீட்டையும் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலையும் சனங்கள் அந்த ஜன்னலில் நீட்டுவார்கள்.

எண்ணெய் பாட்டில் வரும், சாராய பாட்டில் வரும். மூக்கருகே வைத்து மோந்து பார்ப்பேன். கொதிநீரில் மூன்று தடவை அலசுவேன். மருந்தை ஊற்றியபின், ஒரு காகிதப் பட்டையை வேளைக்கு ஒரு வெட்டாகப் பல் பல்லாக வெட்டி பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டுவேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அந்தப் பல்லைப் பார்த்துக் குடித்துக்கொள்வார்கள்.

டாக்டர் ஞானமுத்து திருநெல்வேலிச் சீமைக்காரர். கணீரென்று பேசமாட்டார். நோயாளி நின்றால் அவரும் நிற்பார். நான் சேர்ந்த முதல் வாரம், அலமாரியிலிருந்து ஒரு மருந்தை எடுத்துவரச் சொன்னார். கொண்டுபோய் நீட்டினேன்.

"என்ன இது?"

"இருமல் மிக்சருங்க."

"எப்படித் தெரியும்?"

"மேல்தட்டுல மூணாவதா இருக்கும்ங்க."

அவர் அதை வாங்கி மேஜைமேல் வைத்தார். மறுநாள் காலையில் வந்து பார்க்கிறேன், அலமாரியில் ஒரு பாட்டில்கூடப் பழைய இடத்தில் இல்லை. எல்லாவற்றையும் அவரே இடம் மாற்றி வைத்திருந்தார். வெளியே நாற்பது பேர் நிற்க, ஒவ்வொரு பாட்டிலாக எழுத்துக்கூட்டிப் படித்து நான் வியர்த்துப்போனேன். அவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இடத்த நம்பாதீங்க. உங்க கையை நம்பாதீங்க. எடுக்கும்போது படிங்க, ஊத்தும்போது படிங்க, திருப்பி வைக்கும்போது படிங்க" என்றார். அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை மூன்று தடவை படித்தேன். விஷ அலமாரிக்குத் தனிப் பூட்டு. அதன் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். குளிக்கும்போதும் கழற்றவில்லை.

இந்தச் சந்தேகக் குணம் ஆசுபத்திரியோடு நின்றிருந்தால் நல்லது. நான் அதை வீட்டுக்கும் கொண்டுபோனேன்.

பாவாயி ராசிபுரத்துப் பட்டுத்தறி வீட்டுப் பெண். என்னைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. கேலிக்காரி. ஆசுபத்திரிக்குச் சோறு கொண்டுவருவாள். ஜன்னலில் கேட்ட முனகலையெல்லாம் வீட்டில் அப்படியே நடித்துக் காட்டுவாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதை நாங்கள் பெரிதாகப் பேசிக்கொண்டதும் இல்லை.

இரண்டாம் உலகப் போர் தொடங்கி மருந்து வரத்துக் குறைந்தது. டாக்டர் வெளியூர்களுக்கு முகாம் போகும் நாட்களில் கூட்டத்தை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வராது. ஓமத் தண்ணீரில் கொஞ்சம் சிவப்புச் சாயம் சேர்த்து பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிடுவேன். டாக்டருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு இருபது பேருக்குச் சாயத்தண்ணி. அதுல ரெண்டு பேரு நாளைக்கே தேவலைன்னு வந்து கும்பிடுவான் பாரு" என்று சிரிப்பேன். அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு நான் பிறகு நிறைய விலை கொடுத்தேன்.

அது எப்போது ஆரம்பித்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் குடத்தை இடுப்பில் வைத்தவள் வாசலில் அப்படியே நின்றாள். நான் ஆசுபத்திரிக்குப் போய் ஏதோ மறந்துவிட்டது என்று திரும்பி வந்தேன். அப்போதும் அங்கேயே நின்றாள். குடம் காலி.

"என்ன புள்ள?"

"முடியலீங்க."

"என்ன முடியல? காச்சலா?"

"இல்லீங்க. முடியல."

அதன்பிறகு அடுப்பு எரியாத நாட்கள் வந்தன. தலை வாரமாட்டாள். யாராவது வந்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாள். நடிப்புப் போயிற்று, கேலி போயிற்று. கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். ஒன்றுமில்லாமல் ஒருத்தி இப்படி ஆவாளா என்று என் புத்தி குடைந்தது. யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரியை விசாரித்தேன். ராசிபுரத்திலிருந்து வந்த கடிதங்களைப் படித்தேன். அவள் குளிக்கப் போயிருந்தபோது டிரங்குப் பெட்டியைத் திறந்து, புடவை மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதது என் சந்தேகத்தை அதிகமாக்கியது.

வெகுகாலம் கழித்து, அவள் நன்றாக இருந்த ஒரு நாளில், அப்போது காரணம்தான் என்ன என்று கேட்டேன். "காரணம் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்ங்க. சொல்லித் தொலைச்சிருப்பேன்" என்றாள்.

டாக்டரிடம் சொன்னேன். கூட்டிவரச் சொன்னார். அவளிடம் சொன்னபோது முதன்முதலாக முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"உங்க சாயத்தண்ணியா எனக்கு?"

"டாக்டர் குடுக்கறது சாயத்தண்ணி இல்ல புள்ள."

"ஊத்தறது நீங்கதானுங்களே" என்றாள்.

டாக்டரே ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு வாசல்வரை வந்தார். அவள் உள்கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். அவர் வாசலில் நின்றபடியே என்னிடம், "வர வேண்டாம்னு சொல்றவங்கள நான் கதவ உடைச்சிப் பார்க்க முடியாது. நீங்க பக்கத்துல இருங்க. என்ன செய்யுதுன்னு அவங்களையே கேளுங்க, மெதுவா" என்று சொல்லிவிட்டுப் போனார். படித்த டாக்டர் இதையா சொல்வார் என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அடுத்த வாரம் அவள் பல மாதம் கழித்து மறுபடியும் எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு ஆசுபத்திரிக்கு வந்தாள். எனக்குச் சந்தோஷம். தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு என் அறையைச் சுற்றிலும் பார்த்தாள். பூட்டியிருந்த அலமாரியைக் கண்ணால் காட்டினாள்.

"ஏனுங்க, அதுக்குள்ள இருக்கறதுல எதுங்க வலிக்காது?"

கடையில் புளி விலை கேட்பதைப் போலக் கேட்டாள். என் கை சாவிக்குப் போனது.  அவள் பதிலுக்காக நிற்கவில்லை. அன்றைக்கே கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து மறைத்து வைத்தேன். அரிவாளை மறைத்தேன். அவள் எழுந்தால் எழுந்தேன், நடந்தால் பின்னால் நடந்தேன். ஏன் அப்படிக் கேட்டாய் என்று மட்டும் அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் அந்த நினைப்பு வலுத்துவிடும் என்று பயந்தேன்.

புரோமைடு என்றொரு உப்பு அந்தக் காலத்தில் எல்லா ஆசுபத்திரியிலும் இருக்கும். காக்காய்வலிப்புக்குக் கொடுப்போம், தூக்கம் வராதவர்களுக்குக் கொடுப்போம். விஷ அலமாரியில் அதற்கு இடமில்லை. திறந்த தட்டில், வாய் அகன்ற ஜாடியில் கிடக்கும். அதனால் அது சாது என்று எனக்கு எண்ணம். அடுப்படி அப்போது என் பொறுப்பில் இருந்தது. தூங்கினால் அந்த நினைப்பு அடங்கும் என்று, காலையில் ராகிக் கூழ் கரைக்கும்போது ஆசுபத்திரியிலிருந்து கொண்டுவந்த புரோமைடைக் கொஞ்சம் கலந்தேன். அது உப்புக் கரிக்கும். ருசி காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று கூழுக்குப் போடும் உப்பை நிறுத்தினேன். ரசத்திலும் நிறுத்தினேன். எனக்கு வேண்டிய உப்பைத் தனியாகத் தொட்டுக்கொண்டேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

முதல் பத்து நாள் நன்றாகத் தூங்கினாள். நானும் மாதக்கணக்கில் தூங்காத தூக்கத்தைத் தூங்கினேன். பிறகு அவள் பகலிலும் தூங்கினாள். எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நாக்குக் குழறியது. விளக்கை ஏற்றிவிட்டு, ஏற்றவில்லை என்று தீப்பெட்டியைத் தேடினாள். முகத்திலும் தோளிலும் சிவப்பாகக் கட்டி கட்டியாக எழும்பியது. நோய் முற்றுகிறது என்று நினைத்து அளவைக் கூட்டினேன்.

ஒரு நாள் கூழ்க் கலயத்தை மோந்து பார்த்தாள்.

"இதுல என்னமோ இருக்குது."

"ராகிதான் இருக்குது."

"நீங்க எனக்கு என்னமோ வெக்கறீங்க."

"பைத்தியமாட்டம் பேசாத" என்றேன்.

அவள் அந்தக் கூழைக் கொண்டுபோய்க் கோழிக்கு ஊற்றிவிட்டு, கோழி சாகிறதா என்று அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கோழி சாகவில்லை. பார்த்தாயா என்றேன். அவள் அழுதாள். மறுநாள் குடித்தாள். குடிக்காமல் என்ன செய்வாள், வீட்டில் வேறு ஒன்றும் இல்லை.

ஊருக்கும் தெரிந்தது. புருஷன் விஷம் வைக்கிறான் என்று அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். அந்தப் பெண் என்னிடம் வந்து, "பாவம், நல்லா முத்திப்போச்சுங்க" என்றாள். பாவாயி சொன்ன ஒரே உண்மை அவள் பித்துக்கு அத்தாட்சி ஆயிற்று. அந்த ஊரில் அவள் சொல்வது நிஜம் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். நானும் தலையை ஆட்டினேன்.

செய்தி ராசிபுரத்துக்குப் போய், அவள் அண்ணன் செங்கோடன் வந்தார். முரடர். என்னைக் கண்டால் முதலிலிருந்தே அவருக்குப் பிடிக்காது. பிள்ளையில்லாததைச் சாக்காக வைத்து நான் இன்னொருத்தியைக் கட்டப் பார்க்கிறேன் என்பது அவர் சந்தேகம். வந்தவர் தங்கையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ள, என்ற தங்கச்சி இப்படி இருந்தவ இல்ல."

"பேய் பிடிச்சவளாட்டம் இருக்கறா மச்சான். நான் என்ன பண்ணட்டும்?"

"அப்ப பேயோட்டற எடத்துக்கே கொண்டுபோறேன். சங்கிலி போட்டாலும் போடட்டும்."

மறுநாள் காலை வண்டி கட்டினார். நான் ஆசுபத்திரிக்கு வந்துவிட்டேன். தடுக்கவில்லை. கூழ் கரைக்கும் வேலை என் கையைவிட்டுப் போவது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இதைச் சொல்லக் கூசுகிறது.

ஆனால் வண்டி நேரே ஆசுபத்திரி வாசலில் வந்து நின்றது. செங்கோடனுக்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போக மனமில்லை. "கம்பவுண்டரே, வெளியில வாங்க. எல்லாத்துக்கும் முன்னால கேக்கறேன். என்ற தங்கச்சிக்கு என்ன பண்ணுனீங்க?" என்று கத்தினார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாவாயி வண்டியிலிருந்து தானே இறங்கினாள். கால் பின்னியது. வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, குழறிய நாக்கோடு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"இவரு எனக்கு வெஷம் வெக்கறாருங்க."

வரிசையில் ஒரு கிழவர் 'உச்' கொட்டினார். இரண்டு பெண்கள் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். டாக்டர் முன்னறை வாசலில் நின்றிருந்தார். அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

படியிறங்கி அவளுக்கு ஐந்தாறு அடி தள்ளி நின்றுகொண்டார். "அம்மா, நான் தொட மாட்டேன். மருந்தும் குடுக்க மாட்டேன். இங்க நின்னபடியே உங்க முகத்தப் பார்க்கலாமா?"

அவள் யோசித்தாள். தலையசைத்தாள். அவர் முகத்துக் கட்டிகளைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். இரண்டு எட்டு நடக்கச் சொன்னார். பிறகு, "உக்காருங்க அம்மா, இப்ப வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு என் அறைக்குள் வந்தார். நானும் பின்னால் போனேன். அவர் ஜாடிகள் இருந்த பக்கமே பார்க்கவில்லை. என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்டுல சமையலுக்கு உப்பு போடுறீங்களா?"

  எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை நாள், எவ்வளவு, எதில் என்று சொன்னேன். அவர் விரலில் நாட்களை எண்ணினார்.

"சாப்பாட்டு உப்பு உள்ள போனாத்தான் அந்த மருந்து சிறுநீர்ல வெளிய போகும். உப்ப நிறுத்தினா அது உள்ளேயே தங்கும். ஆறு வாரமா தேங்கி நிக்குது. இந்தக் குழறல், இந்த நடை, இந்தச் சந்தேகம் எல்லாத்துலயும் பாதி நீங்க ஊத்தினது."

"இப்ப என்னங்க பண்றது?"

"உப்புப் போட்ட மோர். நிறையத் தண்ணி. நாலஞ்சு வாரத்துல தெளிஞ்சிடும்."

"அண்ணன்கிட்ட வேற ஏதாச்சும் நோவுன்னு சொல்லிருங்க. நான் கால்ல விழறேன். அந்தாளு என்னைக் கொன்னுபோடுவாரு."

டாக்டர் மேஜைமீது இருந்த அளவுக் கிளாஸைத் தள்ளி வைத்தார். "உங்க கையால எதையும் அவங்க இனிமே குடிக்கப் போறதில்ல. என் கையாலயும் குடிக்க மாட்டாங்க. மோர்ல என்ன இருக்கு, எதுக்கு இருக்குன்னு தெரிஞ்சாத்தான் குடிப்பாங்க. அப்ப எது உள்ள போச்சுன்னும் தெரியணும். போய்ச் சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

வெளியே வந்தேன். வரிசை அப்படியே நின்றது. அவர்களைப் போகச் சொல்ல டாக்டர் முன்வரவில்லை. நானும் கேட்கவில்லை. பாவாயி படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரில் நின்று, "நீ சொன்னது நெசம். தூக்க மருந்த உனக்குத் தெரியாமக் கூழுல கலந்தேன். உன்னைக் கொல்லறதுக்கில்ல புள்ள. நீ செத்துருவியோன்னு பயந்து கலந்தேன்" என்றேன்.

செங்கோடன் என் சட்டையைப் பிடித்துவிட்டார். ஓங்கிய கை இறங்குவதற்குள் அவள் குரல் வந்தது.

"உடுண்ணா. அவரு இன்னொருக்காச் சொல்லட்டும்."

மறுபடி சொன்னேன்.

"அப்ப எனக்குப் பித்தில்ல?"

"இல்ல."

"அங்க நிக்கறாங்களே, அவுங்ககிட்டச் சொல்லுங்க."

திரும்பி வரிசையைப் பார்த்துச் சொன்னேன். 'உச்' கொட்டிய கிழவர் தரையைப் பார்த்துக்கொண்டார். பாவாயி முகத்தில் அப்போது வந்ததை என்னவென்று சொல்ல. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. தொலைத்ததை யாரோ கையில் திருப்பிக் கொடுத்தது போல இருந்தாள். அண்ணனிடம், "பேயோட்ட வேண்டாம். ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போ. மோரு நீ கடஞ்சு, என்ற கண்ணு முன்னால உப்புப் போட்டுக் குடு" என்றாள். வண்டி ராசிபுரம் பக்கம் திரும்பியது.

டாக்டர் நடந்ததை மேலே எழுதிப் போட்டார். வேலை போகவில்லை. ஆனால் ஒரு வருடம், நான் கலக்கும் ஒவ்வொரு பாட்டிலையும் அவர் வாங்கி மோந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அவரே நோயாளியிடம் கொடுத்தார். கூட்டத்தின் முன்னால் தினமும் அது நடந்தது. ஒரு நாளும் அதைப் பற்றி என்னிடம் கடுமையாகப் பேசியதில்லை. சாயத்தண்ணீரையும் ஒரு நாள் நானாகவே சொன்னேன். "யூகிச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறுதோறும், பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் கரி போட்டு ஓட்டிய பஸ்ஸில் ராசிபுரம் போனேன். முதல் மூன்று வாரம் செங்கோடன் வாசலைத் தாண்ட விடவில்லை. நாலாவது வாரம் தறிக் கொட்டகையில் உட்காரச் சொன்னார். நான் கொண்டுபோன பழங்களை அறுத்து, முதலில் தான் ஒரு துண்டு தின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொடுத்தார். ஐந்தாவது வாரம் அவளைப் பார்த்தேன். முகம் தெளிந்திருந்தது, பேச்சு நேராக இருந்தது. ஆனால் பழைய நோய் அப்படியே இருந்தது. சுவரில் சாய்ந்து, கை இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விஷம் இறங்கியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் செங்கோடனும் ஆளுக்கொரு பக்கம் நம்பியிருந்தோம். இருவருக்கும் அன்றைக்கு வெட்கமாகப் போயிற்று.

நேராகக் கேட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்த கேள்வியை அன்று கேட்டேன். பாதிக் குரலில்தான் வந்தது.

"பாவாயி, சாகோணும்னு இருக்குதா உனக்கு?"

கொட்டகையில் தறிச் சத்தம் நின்றது. செங்கோடன் காதிலும் விழுந்திருக்க வேண்டும். 

"தெனமும் இல்லீங்க. சில நாளு."

"அந்த நாள்ல எங்கிட்டச் சொல்லுவியா?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? கூழுல கலப்பீங்களா?"

"இல்ல. ஆசுபத்திரிக்குப் போகாம உங்கூடவே இருப்பேன்."

"என்ன பண்ணுது, என்ன பண்ணுதுன்னு கேக்கப்படாது."

"கேக்கல."

"சும்மா உக்காந்திருக்கோணும்."

"உக்காந்திருக்கறேன்."

"சரிங்க" என்றாள்.

அன்றைக்கே இன்னொன்றும் கேட்டேன். என்னோடு வருவதற்கு உனக்கு என்ன வேண்டும் என்றேன். "என்ற சோத்த நானே ஆக்கிக்கறேன்" என்றாள். அந்த மாதக் கடைசியில் வந்தாள். அடுப்படியில் எனக்கு இடமில்லாமல் போயிற்று. முடியாத நாளிலும் அவள் அரிசியை அவளே பொங்கினாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்து மூச்சு வாங்கி, பிறகு உலை வைப்பாள். எழுந்து செய்யலாமா என்று என் கை பரபரக்கும். உட்கார்ந்திருப்பேன். முதல் வருடத்தில் இரண்டு தடவை சொன்னாள். "இன்னிக்குங்க" என்பாள், அவ்வளவுதான். டாக்டரிடம் சொல்லி அனுப்பிவிட்டுப் பகல் முழுவதும் கூடவே இருப்பேன். ஏரிக்கரைக்குப் போவோம். பேசமாட்டோம். மூன்றாவது தடவை அவள் தானாக, எருமை ஓட்டிப்போன ஒருவரின் நடையை எனக்கு நடித்துக் காட்டினாள். நான் சிரித்தேன். பிறகு அழுதுவிட்டேன். அவள் பார்க்காதது போல இருந்தாள்.

டாக்டரிடம் போகலாமா என்று நான் மறுபடி கேட்கவே இல்லை. கேட்கக் கூடாது என்பது டாக்டரே சொன்னது. "கதவு எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்" என்பார்.

இரண்டு வருடம் கழிந்து ஒரு புதன்கிழமை. காலை பத்து மணி இருக்கும். சீட்டை வாங்க ஜன்னலுக்கு வெளியே கை நீட்டுகிறேன், டாக்டரைப் பார்க்கும் வரிசையில் ஏழாவது ஆளாகப் பாவாயி நிற்கிறாள். கையில் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்த பாட்டில். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கண்டுகொண்டதாகக் காட்டவில்லை. அவள் முறை வந்தபோது முன்னறையில் டாக்டர் எழுந்து நின்றார். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். ரத்தம் குறைவு. அந்த ஊரில் பாதிப் பெண்களுக்கு இருந்தது அது. சீட்டில் இரும்புச்சத்து மிக்சர் எழுதினார். மனத்துக்கு என்று ஒன்றும் எழுதவில்லை. அதற்கு அன்றைக்கு நல்ல மருந்தும் இல்லை.

சீட்டையும் பாட்டிலையும் என் ஜன்னலில் நீட்டினாள். எடுக்கும்போது படித்தேன், ஊற்றும்போது படித்தேன், திருப்பி வைக்கும்போது படித்தேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காகிதப் பட்டையை ஒட்டி, தக்கை போட்டு நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீங்க ஒரு வாய் குடிங்க."

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டர் முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். நான் அவள் பாட்டிலிலிருந்தே ஒரு வேளை அளவைக் கிளாஸில் ஊற்றி, அவள் கண் முன்னால் குடித்தேன். வாயெல்லாம் துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல இருந்தது.

அவள் போகவில்லை. ஜன்னல் ஓரமாக நகர்ந்து நின்று, அடுத்தவர்களுக்கு வழி விட்டாள். நான் அடுத்த சீட்டை வாங்கினேன், அதற்கடுத்ததை வாங்கினேன். ஒவ்வொரு தடவை நிமிரும்போதும் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு பேர் போனபிறகு ஜன்னலுக்கு வந்து பாட்டிலை எடுத்தாள். பட்டையில் இரண்டாவது பல் வரைக்கும் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"சாயத்தண்ணி இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, தக்கையை அழுத்தி மூடி, வீட்டைப் பார்த்து நடந்தாள்.